பக்டீரியா எப்பிடிப் பெருகுது, அதுக்கு என்னென்ன வேணும்? எங்கட திருகோணமலைக் குசினிய வைச்சு ஒரு முழு வழிகாட்டி

பழுதாகப் பாக்கிற கறிய ஒருக்கா நல்லாக் கொதிக்க வைச்சுட்டா எல்லாம் செத்துப்போயிடும், பிறகு பயமில்லாமச் சாப்பிடலாம் எண்டு எங்கட ஊரில கன சனம் நம்பிக்கொண்டிருக்கு. கொதிச்சா பக்டீரியா பெரும்பாலும் சாகும், அது உண்மை. ஆனா சாகிறதுக்கு முதல் அது பெருகி விட்டுட்டுப் போன நஞ்சு சிலது எவ்வளவு கொதிச்சாலும் போகாது. அதால கொல்லுறத விடப் பெருக விடாமத் தடுக்கிறது தான் பெரிய வேலை, தடுக்கோணும் எண்டா அது எப்பிடிப் பெருகுது, என்ன கிடைச்சா ஓடுது, என்ன இல்லாட்டி நிக்குது எண்டு விளங்கியிருக்கோணும். ஏ.எல். உயிரியல் படிக்கிற பிள்ளையளுக்கும் இது உதவும், வீட்டில சமைக்கிற ஆக்களுக்கும் சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிற ஆக்களுக்கும் இன்னும் கூட உதவும். கொஞ்சம் நீளம் தான், ஆறுதலா வாசியுங்கோ.

படி 1: ரெண்டாப் பிரியிற கணக்கு

பக்டீரியா வளருது எண்டா ஒண்டு பெரிசாகிக்கொண்டே போகுது எண்டு இல்ல, எண்ணிக்கை கூடுது. ஒரு கலம் கொஞ்சம் நீளும், உள்ளுக்க இருக்கிற டி.என்.ஏ. இன்னொரு பிரதி ஆகும், நடுவில சுவர் விழும், ரெண்டாப் போயிடும். புத்தகத்தில இருகூற்றுப்பிளவு எண்டு போட்டிருக்கிறது இதத்தான். ஈ.கோலை எண்ட பக்டீரியாவ நீளப்பாட்டுக்கு வரிசையா அடுக்கினா ஒரு மில்லிமீட்டருக்குள்ள ஒரு 500 அடங்கும், அவ்வளவு சின்னன்.

அந்த ஈ.கோலைக்கு நல்ல சாப்பாடும் 37 பாகை சூடும் கிடைச்சா 20 நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டாகும். காலமை 7 மணிக்கு ஒண்டு இருந்தா 8 மணிக்கு 8, 9 மணிக்கு 64. இதுவரைக்கும் ஒண்டும் பெரிசாத் தெரியாது. பின்னேரம் 2 மணிக்குப் பாத்தா 20 இலட்சத்து 97 ஆயிரத்து 152. இதில கவனிக்க வேண்டியது என்னெண்டா, கடைசி 20 நிமிசத்தில மட்டும் 10 இலட்சத்துக்கு மேல கூடியிருக்கு, அதால தான் 1 மணிக்கு நல்லா இருந்த கறி 3 மணிக்குப் பழுது எண்டு ஆகிறது. சமையல்ல ஒண்டில இருந்து துவங்குறதும் இல்ல, கையில இருந்து, கத்தியில இருந்து, மீன் வெட்டின பலகையில இருந்து எண்டு ஆயிரக்கணக்கில தான் துவங்கும். ஆயிரத்தில துவங்கினா அதே 7 மணித்தியாலத்தில 200 கோடிக்கு மேல போயிடும்.

எல்லாத்துக்கும் ஒரே வேகம் இல்ல. காசநோய்க் கிருமி ஒருக்காப் பிரியவே 15 - 20 மணித்தியாலம் எடுக்கும், சளிய வளத்துப் பாக்கிற பரிசோதனைக்குக் கிழமைக்கணக்கில காத்திருக்க வேண்டி வாறது அதால தான். தொழுநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ரெண்டு கிழமை. மற்றப் பக்கம், கடல்தண்ணியில இருக்கிற விப்ரியோ சிலதுக்கு 10 நிமிசம் போதும், அதப் பற்றிக் கீழ சொல்லுறன்.

படி 2: நாலு கட்டம், அதில முதல் கட்டம் தான் எங்கட கையில

பக்டீரியா புது இடத்தில விழுந்த உடன பெருகத் துவங்காது. முதல்ல ஒரு ஆயத்தக் கட்டம், அப்ப அது அங்க இருக்கிற சாப்பாட்டைச் செரிக்கத் தேவையான நொதியங்களச் செய்துகொண்டிருக்கும், எண்ணிக்கை கூடாது. பிறகு பாய்ச்சல் கட்டம், மேல சொன்ன கணக்கு ஓடுறது அப்பதான். பிறகு சாப்பாடு முடிஞ்சோ அல்லது தன்ர கழிவே தனக்கு நஞ்சாகியோ தேங்கி நிக்கும், கடைசியாச் சாகத் துவங்கும்.

பிரான்ஸில ஜாக் மொனோ 1940களில இந்த ஆயத்தக் கட்டத்த வடிவாக் காட்டினவர். ஈ.கோலைக்கு குளுக்கோசும் லக்ரோசும் சேத்துக் குடுத்தா அது குளுக்கோசத் தான் முதல்ல முடிக்கும், முடிச்ச பிறகு கொஞ்ச நேரம் பெருகாம நிக்கும், பிறகு லக்ரோசில துவங்கும். அந்த இடைவெளியில அது லக்ரோச உடைக்கிற நொதியத்தச் செய்யுது. இதத் தொடந்து செய்த ஆராய்ச்சிக்கு 1965இல அவருக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைச்சது.

எங்களுக்கு இதில இருந்து எடுக்க வேண்டியது ஒண்டு தான். அந்த ஆயத்தக் கட்டத்துக்குள்ளயே சாப்பாட்டைக் குளிருக்குக் கொண்டு போனா அந்தக் கட்டம் மணித்தியாலத்தில இருந்து நாள்க்கணக்காக நீளும். பாய்ச்சல் துவங்கின பிறகு பிரிட்ஜில வைச்சா ஏற்கெனவே பெருகினது அப்பிடியே இருக்கும், குளிர் அதக் குறைக்காது.

படி 3: அஞ்சு கோப்பைப் பால், உங்கட கண்ணால பாருங்கோ

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத்தயிர் இருக்கிற மாவட்டத்தில இருந்துகொண்டு பக்டீரியா வளக்கிறதுக்கு வேற எங்கயும் போகத் தேவையில்ல. தயிர்ச்சட்டியே ஒரு வளர்ப்புச் சட்டி தான். பொதுவாத் தயிருக்கு ரெண்டு பக்டீரியா வேலை செய்யும், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தேர்மோபிலஸ் எண்டதும் லக்டோபசிலஸ் பல்காரிக்கஸ் எண்டதும். முதலாவது பால்ல வேகமாத் துவங்கி ரெண்டாவதுக்கு வசதி செய்து குடுக்கும், ரெண்டாவது பால் புரதத்த உடைச்சு முதலாவதுக்குச் சாப்பாடு குடுக்கும். ரெண்டும் சேந்து லக்ரோச லக்டிக் அமிலமாக்கும், பாலின்ர பி.எச். (புளிப்ப அளக்கிற எண், புளிப்புக் கூடக்கூட இது இறங்கும்) 4.6 அளவுக்கு இறங்கேக்க புரதம் திரண்டு பால் உறையும்.

ஒரு லீற்றர் பால் எடுத்து நல்லாக் கொதிக்க வையுங்கோ. அஞ்சு கோப்பை கழுவிச் சுடுதண்ணி ஊத்திக் காய வைச்சு எடுங்கோ, ஒவ்வொண்டுக்கும் 200 மில்லி.

அடுப்பால இறக்கின கையோட, கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பைக்கு ஊத்தி அதில ஒரு தேக்கரண்டி உறை போட்டுக் கலக்கி வையுங்கோ. மிச்சப் பால் ஆறட்டும், சின்ன விரல வைச்சா 10 எண்ணுற வரைக்கும் சுடாமத் தாங்குற அளவுக்கு, தெர்மோமீட்டர் இருந்தா 40 - 43 பாகை. பிறகு மிச்சம் நாலு கோப்பைக்கும் ஊத்துங்கோ. ஒண்டுக்கு உறை போட்டு துவாயால சுத்தி வையுங்கோ. அடுத்ததுக்கு உறை போட்டு நேர பிரிட்ஜுக்க வையுங்கோ. இன்னொண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பக் குவிச்சுப் போட்டுக் கரைச்சு, பிறகு உறை போடுங்கோ. கடைசிக் கோப்பைக்கு உறையே போடாதீங்கோ. உப்புக் கோப்பையும் உறை இல்லாத கோப்பையும் துவாய் சுத்தினதுக்குப் பக்கத்திலயே இருக்கட்டும்.

துவாய் சுத்தின கோப்பைய மணித்தியாலத்துக்கு ஒருக்காச் சாய்ச்சுப் பாருங்கோ. முதல் ரெண்டு மூண்டு தரம் பால் பாலாத்தான் ஓடும், ஒண்டும் நடக்கேல்ல எண்டு தோணும், பிறகு ஒரு தரம் பாக்கேக்க ஓரம் பிடிச்சுக்கொண்டு ஆடும், அடுத்த தரம் கட்டி. படி 2இல சொன்ன வளைவு முழுக்க அந்தச் சாய்வில தெரியும். கொதிபால்ல உறை போட்ட கோப்பை உறையாது, உறையில இருந்தது செத்துப்போச்சு. உப்புப் போட்டதும் உறையாது. உறை போடாதது தயிராகாது, நேரம் போகப்போக வேற ஏதும் விழுந்து நாறலாம், அத வாயில வைக்காமக் கொட்டுங்கோ.

எனக்கு இதில பிடிச்சது பிரிட்ஜ் கோப்பை தான். விடிய எடுத்துப் பாத்தா பால் அப்பிடியே இருக்கும். அத எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணிப் பாத்திரத்துக்க வைச்சு விடுங்கோ, பின்னேரம் தயிர். குளிர் கொல்லேல்ல, நிப்பாட்டி மட்டும் வைச்சிருந்தது எண்டு வகுப்பில 10 தரம் சொல்லுறத விட அந்தக் கோப்பைய ஒருக்காக் காட்டினாப் பிள்ளையளுக்கு விளங்கிடுது.

படி 4: அதுக்கு என்னென்ன வேணும்

*சூடு.* 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில தான் சாப்பாட்டைப் பழுதாக்கிற, ஆளை வருத்தமாக்கிற பக்டீரியா பெரும்பாலும் பெருகும். அதிலயும் 30இல இருந்து 40 வரைக்கும் அதுக்குக் கொண்டாட்டம். எங்கட ஊரில வைகாசியில இருந்து கச்சான் காத்து அடிக்கிற காலம் முழுக்க குசினியின்ர சூடே அந்த அளவு தான். கன்னியா வெந்நீரூற்றில ஏழு கிணத்துத் தண்ணியும் கூடின பட்சம் 40 பாகையச் சுத்தித்தான் இருக்கும், உடம்புக்கு இதமான சூடு, ஆனா பக்டீரியாவக் கொல்லுற சூடு அது இல்ல. சுடுது எண்டு கைக்குத் தெரியிறது வேற, கிருமி சாகிறது வேற. பாலைப் பாஸ்ச்சரைஸ் பண்ண 63 பாகையில 30 நிமிசம் அல்லது 72 பாகையில 15 செக்கன் வேணும். அமெரிக்காவில யெலோஸ்டோன் ஊற்றுக்களில 1960களில தோமஸ் புரொக் எண்டவர் கண்டுபிடிச்ச தேர்மஸ் அக்குவாட்டிக்கஸ் 70 பாகையில தான் நல்லாப் பெருகுது, பி.சி.ஆர். பரிசோதனைக்குப் பாவிக்கிற நொதியம் முதல்ல அதில இருந்து தான் எடுத்தது. அது அபூர்வம், குசினியில வாறது அந்த இனம் இல்ல.

குளிர்ப் பக்கத்திலயும் ஒண்டு இருக்கு. லிஸ்டீரியா எண்ட பக்டீரியா பிரிட்ஜ் குளிரிலயும் மெதுவாப் பெருகும். கர்ப்பிணிகள் பிரிட்ஜில கனநாள் கிடந்த பச்சைப்பால், சமைக்காத இறைச்சிவகை சாப்பிடக்கூடாது எண்டு சொல்லுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

*தண்ணி.* ஈரம் இருந்தாப் போதாது, பக்டீரியாவால இழுத்துப் பாவிக்கக்கூடிய தண்ணி இருக்கோணும். இத நீர்ச்செயற்பாடு எண்டு 0இல இருந்து 1 வரைக்கும் அளப்பினம். சுத்தத் தண்ணி 1, பச்சை மீன் 0.99 போல. பெரும்பாலான பக்டீரியாவுக்கு 0.91க்கு மேல வேணும், ஸ்டபிலோகொக்கஸ் 0.86 வரைக்கும் தாக்குப்பிடிக்கும். உப்பு அதுக்குமேல கரையாத அளவுக்குப் போட்டா 0.75க்கு இறங்கிடும். நல்லா உப்புப் பிடிச்சுக் காஞ்ச கருவாடு மாசக்கணக்கில இருக்கிறது இதால தான், அரைகுறையாக் காஞ்சு மழைக்காலத்தில ஈரம் பிடிச்ச கருவாடு பழுதாகிறதும் இதால தான். கருவாட்டில சில நேரம் சிவப்பாப் படருது பாருங்கோ, அது உப்பிலயே வாழுற ஆக்கியா எண்ட வேற இனம், உப்பளப் பாத்தியில தெரியிற இளஞ்சிவப்பும் அதே வகை.

இங்க ஒரு ஏமாத்து இருக்கு. உப்பு எண்டாப் பக்டீரியா சாகும் எண்டு நினைச்சு மீனையும் நண்டையும் கடல்தண்ணியிலயே அலசி எடுக்கிற ஆக்கள் இருக்கினம். கடல்தண்ணியில உப்பு 3.5 வீதம் தான், விப்ரியோ பரஹீமோலிட்டிக்கஸுக்கு அந்த உப்பு இல்லாட்டிப் பெருகவே ஏலாது. 1950இல ஜப்பான் ஒசாக்காவில சின்ன மீன் சாப்பிட்ட 272 பேருக்கு வருத்தம் வந்து 20 பேர் செத்த பிறகு தான் புஜினோ எண்டவர் இதக் கண்டுபிடிச்சவர். நல்ல தண்ணியில கழுவுங்கோ, நண்டு இறால நல்லா அவியுங்கோ, பச்சை நண்டு வைச்ச பாத்திரத்தில அவிச்ச நண்டப் போடாதீங்கோ.

*புளிப்பு.* பி.எச். 7ஐ ஒட்டின இடம் தான் பெரும்பாலானதுக்கு விருப்பம், 4.6க்குக் கீழ பொட்டுலினம் மாதிரி ஆபத்தானது பெருகாது. தேசிக்காய், புளி, கொறுக்காய் எல்லாம் வாய்க்கு மட்டும் இல்ல. ஆனா நாலு துளி தேசிக்காய்ப் புளி விட்ட தேங்காய்ச் சம்பல் நாள் முழுக்க இருக்கும் எண்டு நினைக்காதீங்கோ, அது காணாது.

*காத்து.* சிலதுக்கு ஒட்சிசன் கட்டாயம், சிலது இருந்தாலும் இல்லாட்டியும் வாழும், சிலதுக்கு ஒட்சிசன் நஞ்சு. ஏற்புவலிக் கிருமியும் பொட்டுலினமும் கடைசி வகை, அதால தான் ஆழமா ஆணி குத்தின காயத்துக்கு ஊசி போடச் சொல்லுறது, ஊதிப்போன மீன் ரின்ன திறக்காம எறியச் சொல்லுறது.

*சாப்பாடு.* காபன், நைதரசன், பொசுபரசு, இரும்பு எல்லாம் வேணும், எங்கட கறியில எல்லாம் இருக்கு. ஆய்வுகூடத்தில பக்டீரியா வளக்கிறது அகார் தட்டில. முந்தி ஜெலட்டின் தான் பாவிச்சது, அது 37 பாகையில உருகிடும், சில பக்டீரியா அதையே தின்றும் விடும். 1881 அளவில ரொபட் கொக்கின்ர ஆய்வுகூடத்தில வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின்ர மனைவி ஃபன்னி, ஜெலி செய்யப் பாவிக்கிற அகாரப் போட்டுப் பாக்கச் சொன்னவ. கடல்பாசியில இருந்து எடுக்கிற அதே அகார் தான், நோன்பு காலத்தில கடல்பாசி காய்ச்சிற வீடுகளுக்குப் புதுசா விளக்கத் தேவையில்ல. இன்றைக்கும் உலகம் முழுக்க அது தான் ஓடுது. ஆனா ஒண்டு, பிள்ளையள் வீட்டில அகார் ஊத்தி வாய்க்குள்ள, கக்கூசுக்க எல்லாம் தொட்டு வளத்துப் பாக்க வேண்டாம். என்ன வளருது எண்டு தெரியாம இலட்சக்கணக்கில வளத்து மூடியத் திறக்கிறது விளையாட்டு இல்ல, பாடசாலை ஆய்வுகூடத்தில ஆசிரியர் பக்கத்தில நிக்கச் செய்யுங்கோ.

படி 5: மீனக் கரையில இருந்து சட்டி வரைக்கும் கொண்டு வாறது

உயிர்மீனின்ர சதைக்குள்ள பக்டீரியா இல்ல. தோல்ல, பூவில (செவுளில), குடல்ல தான் இருக்கு. மீன் செத்த உடன அங்க இருந்து உள்ள இறங்கும். அதால வாங்கின உடன பூவையும் குடலையும் எடுத்துக் கழுவுறது தான் முதல் வேலை, வெட்டிறது பிறகு.

ஐஸ் விசயத்தில கஞ்சத்தனம் பாக்கக்கூடாது. எங்கட வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேணும், மீனும் ஐஸும் மாறி மாறி அடுக்கி, உருகின தண்ணி வடியிற மாதிரி. மேல நாலு கட்டி போட்டுட்டு றெஜிபோம் பெட்டிய மூடினா அடியில கிடக்கிற மீனுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலயோ சந்தையிலயோ வாங்கிறீங்கள் எண்டா பெட்டியின்ர அடியில இருந்து ஒண்டத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கோ. கண் தெளிவா முழிச்சுக்கொண்டு இருக்கோணும், பூ சிவப்பா இருக்கோணும், விரலால அமத்தினாக் குழி திரும்பி வரோணும்.

சூரை, சூடை, கீரி மாதிரி மீன்களில இன்னும் கூடக் கவனம். இந்தச் சதையில ஹிஸ்டிடின் எண்ட அமினோ அமிலம் கூட, வெயிலில கிடந்தா பக்டீரியா அத ஹிஸ்டமினா மாத்தும். ஹிஸ்டமின் பொரிச்சாலும் போகாது, கொதிச்சாலும் போகாது, ரின்ல அடைச்சாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலயே முகம் சிவந்து, தலையிடிச்சு, உடம்பு கடிக்கும். எனக்கு மீன் அலர்ஜி எண்டு சொல்லிக்கொண்டு திரியிற ஆக்களில சிலருக்கு அலர்ஜியே இருக்காது, அண்டைக்கு வாங்கின மீனுக்கு ஐஸ் காணாமப் போயிருக்கும்.

படி 6: சோறும் பெரிய கிடாரமும்

அரிசியில பசிலஸ் சீரியஸ் எண்ட பக்டீரியாவின்ர வித்தி, அதாவது தடிச்ச கோதுக்குள்ள உறங்கிக் கிடக்கிற வடிவம், இருக்கும். சோறு கொதிக்கேக்க வித்தி சாகாது, சோறு ஆறி இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு முளைச்சுப் பெருகும். அது விடுற சத்திக்காரணமான நஞ்சு 121 பாகையில ஒண்டரை மணித்தியாலம் வைச்சாலும் அழியாது, நீங்கள் ராத்திரி கொத்திப் பிரட்டிச் சூடாக்கிறது எந்த மூலைக்கு. சமைச்ச சாப்பாடு வெளியில ரெண்டு மணித்தியாலம், 32 பாகைக்கு மேல வெயில் எண்டா ஒரு மணித்தியாலம், அதுதான் கணக்கு. காலமை 10 மணிக்குக் கட்டின சோத்துப் பார்சல 3 மணிக்கு அவிழ்க்கிற பழக்கத்த விடுங்கோ. பழஞ்சோறு எண்டு தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க வெளியில வைக்கிறதும் இந்தக் கணக்கத் தாண்டினது தான், அத மத்தியானம் வரைக்கும் இழுக்கிறது இன்னும் கூடாது.

கலியாண வீட்டுக்கு, கந்தூரிக்கு எண்டு கிடாரத்தில சமைக்கிற இறைச்சிக் கறியில வேற ஒரு ஆள், குளோஸ்திரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ். அதின்ர வித்தியும் கொதியத் தாங்கும், கொதிக்கேக்க ஒட்சிசனும் போயிடும், பிறகு பெரிய கிடாரம் ராத்திரி முழுக்க மெதுமெதுவா ஆறி 45 பாகையச் சுத்தி மணித்தியாலக்கணக்கில நிக்கும். அந்தச் சூட்டில அது 10 நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டாகும். ராத்திரியே சமைச்சு அடுத்த நாள் பரிமாறோணும் எண்டாக் கிடாரத்தோட ஆற விடாதீங்கோ, ரெண்டு அங்குல உயரத்துக்கு மேல போகாமத் தட்டையான பாத்திரங்களில பிரிச்சு ஊத்துங்கோ, வெளியால ஐஸ் தண்ணி. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள 21 பாகைக்கு வரோணும், அடுத்த நாலு மணித்தியாலத்துக்குள்ள 5க்கு. ஏலாது எண்டா விடியவே எழும்பிச் சமைக்கிறது நல்லது. சூடாவே வைச்சிருக்கிறது எண்டா 60 பாகைக்கு மேல, மெல்லிய ஆவி தெரிஞ்சாக் காணும் எண்டு இல்ல, தெர்மோமீட்டர நடுவில விட்டுப் பாருங்கோ.

படி 7: பிரிட்ஜும் கறண்டும்

பிரிட்ஜ் 4 பாகையில அல்லது அதுக்குக் கீழ இருக்கோணும். அடைச்சு வைச்சாக் குளிர் ஓடாது. கறண்ட் போனாத் திறக்காதீங்கோ, திறக்காட்டி 4 மணித்தியாலம் தாங்கும், நிறைஞ்ச பிரீசர் ரெண்டு நாள் போலத் தாங்கும். பிரீசரில பக்டீரியா நிக்கும், பெரும்பாலும் சாகாது, ஐஸ் விட்ட உடன விட்ட இடத்தில இருந்து துவங்கும். அதால உறைஞ்ச மீனக் குசினி மேசையில வைச்சு ஐஸ் விட விடாம ராத்திரியே பிரிட்ஜின்ர கீழ்த்தட்டில இறக்கி வையுங்கோ, தண்ணி வடிஞ்சு மற்றச் சாப்பாட்டில விழாத மாதிரி ஒரு கிண்ணத்துக்க.

படி 8: எல்லாம் பாத்தும் வருத்தம் வந்தா

வயித்தாலயும் சத்தியும் எண்டா முதல் வேலை ஜீவனி (உடம்பில குறைஞ்ச தண்ணியையும் உப்பையும் ஈடு செய்யிற தூள்), பக்கற்றில போட்டிருக்கிற அளவு கொதிச்சாறின தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கக் குடுங்கோ. வீட்டில மிஞ்சின அன்டிபயோட்டிக்க எடுத்துப் போடாதீங்கோ, ஏற்கெனவே உண்டான நஞ்சுக்கு அது ஒண்டும் செய்யாது. மலத்தில ரத்தம், விடாத கடும் காய்ச்சல், குழந்தைக்கு மூத்திரம் போறது குறைஞ்சு கண் உள்ள போறது, மீன் சாப்பிட்டு மூச்சு இழுக்கிறது, கண் ரெண்டாத் தெரிஞ்சு நாக்குத் தடுமாறுறது, இதில ஒண்டு கண்டாலும் விடியட்டும் எண்டு பாக்காம உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, என்ன சாப்பிட்டது, எத்தின மணிக்குச் சமைச்சது, எத்தின மணிக்குச் சாப்பிட்டது எண்டதை ஒரு துண்டில எழுதிக் கையில எடுத்துக்கொண்டு போங்கோ.